தவளை வண்டியின் விலை

நம் பள்ளிக் குழுவில் அந்தப் படம் வந்த அன்று நீங்கள் எல்லோரும் கைதட்டினீர்கள். சிவப்புப் பெயின்ட் அடித்த குட்டி மோட்டார் வண்டி. பக்கத்தில் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு நம் ஊர்த் தோல் ஷெட் மேனேஜரின் மகன். கீழே அவரே எழுதியிருந்தார்: சின்ன வயதில் இந்த மினி பைக்கை ஓட்டிப் போய் டாக்டரைக் கூட்டி வந்து ஒரு தொழிலாளியின் உயிரைக் காப்பாற்றினேன், இப்போது இதற்கு விலை மதிப்பிட சென்னையிலிருந்து ஆள் வருகிறார், நண்பர்கள் வந்து பார்க்கலாம் என்று. பூங்கொத்து போட்டீர்கள். கும்பிட்டீர்கள். ஆம்பூருக்கே பெருமை என்று ஒருவர் எழுதினார்.

அந்தத் தோல் ஷெட்டின் தொழிலாளர் லைன் வீடுகளில் என்னோடு வளர்ந்தவர்களும் இந்தக் குழுவில் இருக்கிறீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நிதானமாக எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். முடியவில்லை.

நான் ஐந்தாம் வகுப்பு முடித்த கோடை விடுமுறை அது. புது மெஷின் பூட்டுவதற்கு ஒரு வெள்ளைக்காரர் வந்திருந்தார், ஞாபகம் இருக்கிறதா? தோளெல்லாம் வெயிலில் சிவந்து உரிந்துபோய், பூண்டு வாசனை வந்தால் மூக்கைப் பிடித்துக்கொள்வார். பச்சைத்தோல் நாற்றத்தைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. மெஷினோடு கப்பலில் வந்த மரப்பெட்டி ஒன்றில் வைக்கோலைத் தள்ளிவிட்டு அந்த வண்டியைத் தூக்கி வெளியே வைத்தார். ஷெட்டுக்கும், தோல் பதனிடும் மரப்பட்டை வைக்கிற பட்டைக் கிடங்குக்கும் நடந்து மாளாது என்று கூடவே கொண்டுவந்திருந்தார்.

ஒரு பெரிய ஆள் உட்கார்ந்தால் முழங்கால் காதைத் தொடும். இரண்டு இரும்புக் குழாய்களை வளைத்துப் பற்றவைத்த சட்டம். தள்ளுவண்டிச் சக்கரம் போல இரண்டு தடித்த சக்கரங்கள். லைட் கிடையாது, ஹாரன் கிடையாது, கியர் கிடையாது. அவர் ஊரில் புல் வெட்டும் மெஷினில் இருக்கிற அதே எஞ்சின்தான் என்று அப்பா சொன்னார். பக்கத்திலிருக்கும் கயிற்றை இழுத்தால்தான் கிளம்பும். பிரேக் என்பது டயரின் மேல் போய் உரசும் ஒரு தகடு. ஸ்பிரிங் இல்லாததால் மேட்டிலும் பள்ளத்திலும் தத்தித் தத்திப் போகும். தவளை வண்டி என்று நாம்தான் பேர் வைத்தோம்.

அப்பா அந்த ஷெட்டின் ஃபிட்டர். வெள்ளைக்காரரோடு நாள் முழுக்க இருந்தார். நான் அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டு போவேன். ஒருநாள் கயிற்றைப் பார்த்துக்கொண்டே நின்றேன். இழுத்துப் பார் என்று அந்த மனிதர் கையைக் காட்டினார். சட்டத்தில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு இழுத்தேன். மூன்றாவது இழுப்பில் அது இருமிக்கொண்டு எழுந்துவிட்டது. அவர் சிரித்த சிரிப்பில் பட்டைக் கிடங்குப் பெண்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஓட்ட ஆரம்பித்தேன். கால் எட்டவில்லை. மறுநாள் அப்பா கால்மிதியைச் சட்டத்தில் ஒரு சாண் உயர்த்தி வேறு கம்பி வைத்துப் பற்றவைத்துக் கொடுத்தார். அப்பாதான் செய்து கொடுத்தார். பிறகு நடந்ததற்கு நான் அவரை எப்படி வெறுத்தேன் என்று சொல்லும்போது இதையும் சொல்லத்தான் வேண்டும்.

அந்தக் கோடை முழுக்க ஓட்டினேன். தோலை ஆணியடித்து இழுத்துக் காயவைத்திருக்கும் சட்டங்களுக்கு நடுவே சந்து சந்தாகப் போவேன். பட்டைத் தூள் மூக்கில் ஏறும். சுண்ணாம்புத் தொட்டிப் பக்கம் கண் எரியும். அப்போது பாலாற்றில் மணல் இருந்தது. தளர்ந்த மணலில் அந்தச் சின்னச் சக்கரம் புதைந்துவிடும். மாட்டு வண்டிகள் போய்ப் போய் இறுகிய தடத்தில் மட்டும் ஓட்டினால் பறக்கும். அந்தத் தடத்தில் என் பின்னால் கத்திக்கொண்டே ஓடிவருவாள் என் தோழி. பட்டைக் கிடங்கில் வேலை செய்தவரின் மகள். என் வகுப்புதான். ஓட்டக் கொடுத்தால் பயப்படுவாள், பின்னால் உட்காரச் சொன்னால் இடுப்பைக் கட்டிக்கொண்டு உட்காருவாள்.

மேனேஜர் மகன் அப்போது ஒன்பதாவது. நல்ல உயரம். அந்த வண்டியை அவர் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை. பொட்டைப் பிள்ளை ஓட்டுகிற பொம்மை என்று சொல்வார்.

வெள்ளைக்காரர் ஊருக்குத் திரும்பும்போது வண்டியை விட்டுவிட்டுப் போனார். ஃபிட்டிங் கொட்டகையில் நின்றது. அதற்குப் பிறகு கொஞ்ச நாளில்தான் அது நடந்தது.

கழிவுத் தொட்டி அடைத்துக்கொண்டது என்று மூடியைத் திறந்து என் தோழியின் அப்பாவை உள்ளே இறக்கினார்கள். இறங்கியவர் சத்தமில்லாமல் சரிந்தார். தூக்கிவிடப் போன இளம் பையன் ஒருவனும் அவர் மேலேயே விழுந்தான். என் அப்பா இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு, ஈரத் துண்டை முகத்தில் சுற்றிக்கொண்டு, மூச்சைப் பிடித்து இறங்கி இரண்டு பேரையும் இழுத்து மேலே போட்டார். நான் சாப்பாட்டுத் தூக்கோடு நின்று பார்த்தேன். அவர்கள் உடம்பெல்லாம் கறுப்புச் சேறு. அழுகிய முட்டை நாற்றம். இருவருக்கும் மூச்சு இருந்தது. இதை மறக்காதீர்கள். இருவருக்கும் இருந்தது.

ஆபீஸ் வாசலில், வேப்ப மரத்தடியில், ஜீப் நின்றது. டிரைவர் காகிதத்தால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அப்பா ஓடினார். நானும் பின்னால் ஓடினேன்.

"சார், ஜீப்பைக் குடுங்க சார். ரெண்டு பேருக்கும் மூச்சு இருக்குது."

மேனேஜர் படியிலிருந்து இறங்கவில்லை. "ஸ்டேஷனுக்குப் போவணும்யா. வெளிநாட்டுப் பார்ட்டி வர்றாங்க. காலைலதான் கழுவி வெச்சிருக்கு. இவனுங்கள ஏத்துனா நாத்தம் ரெண்டு நாளைக்குப் போவாது. போய் மாட்டு வண்டி சொல்லு."

"சார், டாக்டருக்கு ஃபோனாச்சும்..."

"ஃபோன் காலைலருந்து செத்துக் கெடக்குது. நின்னு பேசாத, போ."

அப்பா அங்கேயே நின்றார். அப்போதுதான் என் தோழியின் தாய்மாமன் மாட்டு வண்டியை ஓட்டிக்கொண்டு உள்ளே வந்தார். பட்டை ஏற்றி வருகிறவர் அவர். அக்காள் புருஷனைப் பார்த்ததும் வண்டியிலிருந்து குதித்துவிட்டார்.

நான் கொட்டகைக்குப் போய்த் தவளை வண்டியின் கயிற்றை இழுத்தேன். யாரையும் கேட்கவில்லை. ரோட்டில் போனால் ரயில்வே கேட்டில் மாட்டிக்கொள்வோம் என்று ஆற்றில் இறங்கினேன். வெயிலில் மணல் கண்ணைக் கூசவைத்தது. பாவாடை சக்கரத்தில் சிக்கக் கூடாதென்று சுருட்டிப் பல்லில் கடித்துக்கொண்டேன். கரை ஏறிப் பஜாருக்குள் போனபோது ஆட்கள் நின்று பார்த்தார்கள், ஒருவர் "ஏய், யாரு வூட்டுப் பொண்ணு இது?" என்று கத்தினார். டாக்டர் வீட்டு வாசலில் பிரேக் பிடித்தும் நிற்காமல் செம்பருத்திச் செடியில் போய்த்தான் நின்றது.

டாக்டர் என்னை ஒன்றும் கேட்கவில்லை. "தொட்டில விழுந்துட்டாங்க, மூச்சு இருக்குது" என்று சொன்னதும் பெட்டியை எடுத்துக்கொண்டு காரில் ஏறினார். என்னையும் ஏற்றிக்கொண்டார். தவளை வண்டி அங்கேயே செடியில் சாய்ந்து கிடந்தது.

பாதி வழியில் இருவரையும் ஏற்றிக்கொண்டு மாட்டு வண்டி எதிரே வந்தது. மாமா மாட்டை அடித்து அடித்து ஓட்டிக்கொண்டிருந்தார். மாடுகளின் வாயில் நுரை. டாக்டர் வண்டியில் ஏறி இருவரையும் தொட்டுப் பார்த்தார். என் தோழியின் அப்பாவின் கையை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு, மற்றவனைக் காருக்குத் தூக்கச் சொன்னார். அவனைத் தூக்கிக்கொண்டிருந்த நேரத்தில் ஜீப் எங்களைத் தாண்டி ஸ்டேஷன் பக்கம் போனது. டிரைவர் மட்டும்தான் உள்ளே இருந்தார். பின்னால் இருந்த இருக்கைகள் காலி. வெள்ளைத் துணி விரித்துப் போட்டிருந்தார்கள்.

அந்தப் பையன் பிழைத்துக்கொண்டான். சாயங்காலம் முதலாளி வந்தார். நல்ல மனிதர். செத்தவரின் உடம்புக்கு முன்னால் துண்டை வாயில் பொத்திக்கொண்டு அழுதார். பிறகு, "டாக்டர்கிட்ட போனது யாரு?" என்று கேட்டார்.

"வண்டி ஒண்ணும் கிடைக்கல சாப். நம்ம பையன்தான் அந்தக் குட்டி வண்டிய எடுத்துக்கிட்டு ஓடிட்டான்" என்றார் மேனேஜர்.

டாக்டர் வீட்டில் கிடந்த வண்டியைக் கொண்டுவர மத்தியானம் மகனை அனுப்பியிருந்தார். அவர் அதை ஓட்டிக்கொண்டு வந்ததைப் பஜாரே பார்த்திருந்தது. டாக்டரை யாரும் கேட்கவில்லை. பொய்க்கு வேறென்ன சாட்சி வேண்டும்?

முதலாளி அப்பாவைப் பார்த்தார். "அப்படியா ஃபிட்டர்?"

தொட்டிக்குள் மூச்சைப் பிடித்து இறங்கிய மனிதர் தலையைக் குனிந்துகொண்டார். "ஆமா சாப்."

"நான்தான் போனேன்!" என்று கத்தினேன். "ஜீப் இருந்துச்சு!" முதல் வாக்கியம் முடிவதற்குள் அம்மா என் வாயைப் பொத்திவிட்டாள். ஜீப் என்றது அவளுடைய உள்ளங்கைக்குள் போனது. முதலாளி மேனேஜர் மகனைக் கட்டிக்கொண்டு, "ஷாபாஷ் பேட்டா" என்றார். வண்டி அவருக்கே பரிசு.

வீட்டில் அப்பா என்னை அடித்தார். அவர் அடித்தது அந்த ஒரு தடவைதான். "பொட்டப் புள்ள பாவாடைய வாயில கடிச்சிக்கினு பஜாருக்குள்ள வண்டி ஓட்டிட்டுப் போச்சுன்னா நாளைக்கு எவன் கட்டுவான்? ஜீப்பு கீப்புன்னு வாயத் தொறந்தே, இந்த வூடு நமக்கு இல்ல. தெரிஞ்சுக்கோ" என்றார். அடுத்த மாதம் எங்கள் வீட்டுக்குத் தனிக் குழாய் வந்தது. லைன் வீட்டிலேயே எங்களுக்கு மட்டும். அம்மா அதில் தண்ணீர் பிடிக்கும் சத்தம் கேட்டாலே நான் வெளியே போய்விடுவேன்.

பள்ளி திறந்ததும் பிரார்த்தனைக் கூட்டத்தில் மேனேஜர் மகனுக்கு மாலை போட்டார்கள். நான் டீச்சரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். பொறாமை நல்லதில்லை என்று சொன்னார். என் தோழி அந்தக் கூட்டத்தில் இல்லை. காரியம் முடிந்ததுமே அவள் அம்மா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பிறந்த ஊரான ஒடுகத்தூருக்குப் போய்விட்டாள். சொல்லிக்கொண்டு போகக்கூட விடவில்லை.

நான் நர்ஸ் ஆனேன். தொட்டியில் இறங்கி மயங்கியவர்களை என் வார்டிலேயே எத்தனையோ முறை பார்த்தேன். எவ்வளவு சீக்கிரம் கொண்டுவருகிறார்கள் என்பதுதான் பேச்சே. ஜீப் போயிருந்தால் அவர் நிச்சயம் பிழைத்திருப்பார் என்று சொல்ல மாட்டேன். எனக்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளும் வாய்ப்பையே இருக்கைத் துணி அழுக்காகும் என்று கொடுக்காமல் விட்டார்கள். என் கோபம் அங்கேதான் நிற்கிறது.

இப்போது அந்தப் படத்துக்கு வருகிறேன். விலை மதிப்பிடும் அன்று வேலூருக்குப் போனேன். மேனேஜர் மகன் வீட்டுப் போர்டிகோவில் வண்டியை ஒரு மேசைமேல் ஏற்றி வைத்திருந்தார்கள்.

"நீ நம்ம ஃபிட்டர் பொண்ணுதானே? வா வா. இன்னா, இப்படி வயசாயிடுச்சு உனக்கு!" என்றார்.

சென்னையிலிருந்து வந்த பையன் கெட்டிக்காரன். எஞ்சினிலிருந்த எண்ணின் மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்தான். சட்டத்தின் கழுத்திலும் அதேபோல எடுத்து, இரண்டும் ஒன்றுக்கொன்று சேர்ந்தவைதான் என்றான். நகத்தால் ஓர் ஓரத்தில் சுரண்டி அடியிலிருந்த ஆரஞ்சு நிறத்தைக் காட்டினான். "பழைய பெயின்ட்டை அப்படியே விட்டிருந்தீங்கன்னா இன்னும் ஜாஸ்தி போயிருக்கும் சார். மேல அடிச்சது தப்பு." கயிறு புதுசு, சீட் புதுசு, பெட்ரோல் டேங்க் பழையது. ஒவ்வொன்றுக்கும் விலையை ஏற்றினான், இறக்கினான். கால்மிதிக்கு வந்ததும் நின்றான்.

"இது கம்பெனி வேலை இல்ல. யாரோ உள்ளூர்ல பத்த வெச்சிருக்காங்க. வெட்டி எடுத்துட்டா நல்லது." பிறகு அவனே குனிந்து அளந்து பார்த்தான். "சின்னக் குழந்தைக்கு வெச்ச மாதிரி இருக்கே. சார், நீங்க அப்ப ரொம்பக் குள்ளமா?"

மேனேஜர் மகன் சீட்டைத் தட்டித் துடைத்தார்.

"எனக்காக எங்கப்பா வெச்சது" என்றேன். "இந்த வண்டிய ஓட்டினது நான். அன்னிக்கு டாக்டரைக் கூட்டிட்டு வந்ததும் நான்தான்."

வந்திருந்த ஒன்றிரண்டு பேர் சிரிப்பதா வேண்டாமா என்று பார்த்தார்கள். மேனேஜர் மகன் என்னை மறுப்பார் என்று நினைத்தேன். அவர் கையை ஆட்டினார். "அட, அதெல்லாம் எந்தக் காலத்துக் கதை. இருக்கட்டுமே. அவ ஓட்டினான்னே வெச்சிக்கலாம்."

மதிப்பிட வந்த பையனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "மேடம், சூப்பர் மேடம்! ஒரு சின்னப் பொண்ணு ஓட்டிட்டுப் போய் உயிரைக் காப்பாத்தினாங்கன்னா கதையே வேற. கால்மிதிய வெட்ட வேணாம், அதுதான் ப்ரூஃப். உங்களையும் வண்டியையும் சேர்த்து ஒரு ஃபோட்டோ எடுத்துக்கலாம். நல்லா ஏறும்."

இத்தனை வருடமாக நான் கேட்டுக்கொண்டிருந்தது இதுதானே? என் பேரைச் சொல்லுங்கள் என்றுதானே? இப்போது தருகிறார்கள், விலை ஏறும் என்பதற்காக.

"எழுதுங்க" என்றேன். "அப்படியே அன்னிக்கு ஆபீஸ் வாசல்ல ஜீப் நின்னதையும் எழுதுங்க. நாத்தம் அடிக்கும்னு குடுக்காததையும் எழுதுங்க. ரெண்டு பேர்ல ஒருத்தர் செத்துட்டார்னு எழுதுங்க."

பையன் பென்சிலைக் கீழே வைத்தான். "சாவுன்னு வந்தா வாங்கறவங்க யோசிப்பாங்க மேடம்."

மேனேஜர் மகன் எழுந்தார். "எங்கப்பா செத்து எத்தினி வருஷம் ஆச்சு. இப்ப வந்து அவரப் பத்திப் பேசறியே. பேஜார் பண்ணாம போம்மா."

வந்துவிட்டேன். முன்பு என்னோடு வேலை பார்த்து, இப்போது ஒடுகத்தூர் சுகாதார நிலையத்தில் இருப்பவளுக்கு அன்றைக்கே ஃபோன் செய்தேன். இரண்டு நாளில் அவள் என் தோழியைக் கண்டுபிடித்துச் சொன்னாள்.

போனபோது அவள் வீட்டு வாசலில் உட்கார்ந்து செடியிலிருந்து வேர்க்கடலை ஆய்ந்துகொண்டிருந்தாள். முதலில் என்னைத் தெரியவில்லை. தெரிந்ததும் மண் கையோடு கட்டிக்கொண்டாள். வெகுநேரம் பேசினோம். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். ஜீப்புக்கு வந்ததும் அவள் கை நின்றுவிட்டது.

"ஜீப் இருந்துச்சா?"

"இருந்துச்சுடி. வாசல்லயே."

"வண்டி எதுவும் கிடைக்கலன்னுதானே சொன்னாங்க." அவள் என்னைப் பார்க்காமல் கடலைச் செடியைப் பார்த்துக்கொண்டு பேசினாள். "எங்க மாமா மாட்ட வேகமா ஓட்டலன்னு எங்கம்மா மாமாகூடப் பேச்சையே விட்டுடுச்சு. மாமா சொல்லிச்சாம், ஜீப் நின்னுச்சுக்கா, குடுக்கலக்கான்னு. ஊரே வேற கத சொல்லுது, நீ தப்பிக்கறதுக்குப் பொய் சொல்றியான்னு மூஞ்சில துப்புச்சு. எங்கம்மா சாவுக்குக்கூட மாமாவ உள்ள விடல. நான்தான் வாசல்ல நின்னு விடல."

நான் போட்டி போட்டுக்கொண்டிருந்தது எனக்கு வராமல் போன ஒரு மாலைக்காக. அந்தப் பொய் இந்த வீட்டில் என்ன செய்திருக்கிறது என்று எனக்கு அதுவரை தெரியாது. ஒரு மேனேஜர் பிணத்தின் முன்னால் நின்று சொன்ன ஒரே வரி. அதற்கு ஒரு தம்பி ஆயுள் முழுக்க அக்காளிடம் கொலைகாரனாக இருந்திருக்கிறான்.

மாமா இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தார். காது மந்தம், முழங்காலில் பலமில்லை. அவள் வாசற்படியிலேயே உட்கார்ந்து அவர் காலைப் பிடித்துக்கொண்டு, "மாமா, ஜீப் இருந்துச்சாம் மாமா" என்று கத்தினாள். அவர் திரும்பத் திரும்பக் கேட்டார். புரிந்ததும் அவளைத் தேற்றவில்லை, திட்டவும் இல்லை.

"ஜீப்பச் சுத்திக்கினுதான்மா என் வண்டியத் திருப்புனேன்" என்றார். "மாட்டுக் கொம்பு ஜீப் மேல பட்டுடப் போவுதுன்னு அந்த மேனேஜரு கத்துனான்." பிறகு என்னிடம், "அந்தாளு இருக்கானா?" என்று கேட்டார்.

"இல்ல மாமா. மகன் இருக்கார், வேலூர்ல."

"என்னைக் கூட்டினு போ."

மறுநாள் போனோம். வேலூர் வரை பஸ்ஸில், அங்கிருந்து ஆட்டோவில். ஆட்டோவிலிருந்து அவரை இருவரும் தாங்கி இறக்கினோம். கேட்டைத் தட்டியதும் மேனேஜர் மகன் போர்டிகோவுக்கு வந்தார். என்னைப் பார்த்து முகம் சுருங்கியது. பெரியவரைப் பார்த்து, தெருவைப் பார்த்து, "உள்ள வாங்க பெரியவரே, உக்காந்து பேசலாம்" என்றார்.

"நான் உள்ள வரல. நீ வெளிய வா."

வந்தார். கேட்டைத் திறந்துகொண்டு தெருவுக்கே வந்தார். எதிர்வீட்டில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பெண் நின்று பார்த்தாள். இஸ்திரி வண்டிக்காரர் பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

"அன்னிக்கு நீ அங்க இருந்தியா?"

"இருந்தேன்."

"ஜீப் இருந்துச்சா இல்லியா?"

மேனேஜர் மகன் என்னைப் பார்த்தார். என் தோழியைப் பார்த்தார். யார் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. "இருந்துச்சு" என்று முணுமுணுத்தார். எனக்குக் கேட்டது. அவளுக்கும் கேட்டது.

பெரியவர் காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு ஓர் அடி முன்னால் போனார்.

"சத்தமா சொல்லு" என்றார். "எனக்குக் காது கேக்காது."